வலம்புரி மரை

மிதிவண்டியின் இரண்டு மிதிகட்டைகளுக்கும் நடுவே, சட்டத்தின் அடியில், ஒரு குறுங்குழல் உண்டு. அதனுள்ளே ஓர் இரும்பு அச்சு ஓடுகிறது. அச்சின் இரு முனைகளையும் கிண்ணம் போன்ற இரண்டு கப்புகள் தாங்குகின்றன. அச்சுக்கும் கப்புக்கும் இடையே எஃகுக் குண்டுகள் உருள்கின்றன. கப்புகளைக் குழலோடு பிணைத்து வைத்திருப்பவை, இரண்டிலும் சுற்றுவரியாக வெட்டிய மரைகள். இவ்வளவையும் நான் கற்றது என் இருபத்தேழாம் வயதில். கற்ற முறைதான் சரியன்று.

நான் 'மிதிவண்டி' என்று சொல்வது அண்ணனுக்கு எப்போதும் வேடிக்கை. "சைக்கிளச் சைக்கிள்னு சொன்னா ஒன் வாயி என்ன வெந்தா போயிரும்?" என்று கேட்பார். வேற்றுமொழிச் சொல் நாவில் ஏறாமல் காப்பதே தமிழுக்குச் செய்யும் தொண்டு என்று நான் நம்பியிருந்த பருவம் அது. அப்படி என்னைக் கேலி செய்வதை அவர் பின்னர் நிறுத்திக்கொண்டார். ஏன் நிறுத்தினார் என்பதை எழுதத்தான் இதைத் தொடங்கினேன்.

எங்கள் ஊர் உச்சிப்புளிக்கு மேற்கே இருந்தது. கடற்காற்று வரும், கடல் தெரியாது. மழை பெய்தால் நெல், பெய்யாவிட்டால் உடைமரத்து முள்ளும் விறகும். வீட்டில் அண்ணன், மதினி, நான் என மூவர். எங்கள் அய்யா இறந்தபோது அண்ணன் எட்டாம் வகுப்பை முடித்திருந்தார். இருவரில் ஒருவர்தாம் மேலே படிக்க முடியும் என்ற நிலையில், யாரும் கேட்பதற்கு முன்பே அவர் ஏர் பிடிக்கப் போய்விட்டார். அவர் உழுத நிலத்தில் விளைந்ததை உண்டு நான் இலக்கணம் படித்தேன், புலவர் பட்டம் பெற்றேன், இராமநாதபுரத்துப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியனாகச் சேர்ந்தேன். நாள்தோறும் உச்சிப்புளி நிலையம்வரை நடந்து இரயிலேறிப் போய்வந்தேன். ஊரார் என்னைத் 'தமிழய்யா' என்றார்கள். அண்ணனுக்கு மட்டும் நான் 'ஏலே'.

ஐம்பதுகளின் நடுவில், தொடர்ந்து மூன்றாண்டுகள் மழை பொய்த்தது. கண்மாய் பாளம் பாளமாக வெடித்தது. அந்த நேரத்தில் கடலோரச் சிற்றூர்களுக்குத் தபால் கொண்டுபோகும் வேலை ஒன்று வந்தது. எட்டாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும். சொந்தமாக மிதிவண்டி இருக்க வேண்டும். வைகாசியில் ஒரு திங்கட்கிழமை இராமநாதபுரத்தில் அதிகாரியின் முன் அந்த வண்டியை ஓட்டிக் காட்டவும் வேண்டும். அண்ணனிடம் படிப்பும் வண்டியும் இருந்தன. வண்டி சீமையில் செய்தது. நாடு விடுதலை பெற்ற ஆண்டில், மண்டபத்தில் இருந்த வெள்ளைக்கார இரயில்வே அதிகாரி ஒருவர் தம் நாட்டுக்குப் போகையில் விட்டுச்சென்றது. கைமாறிக் கைமாறி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. வரி கட்டியதற்குப் பஞ்சாயத்து தந்த உரிம வில்லை அதன் கைப்பிடிக்குக் கீழே அண்ணன் பெயரில் தொங்கியது. இனி வானத்தைப் பார்த்து வாழ வேண்டியதில்லை என்று மதினி நிலையத்துப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டார்.

திங்களுக்கு முந்திய புதன்கிழமை வண்டி பேசத் தொடங்கியது. ஒவ்வொரு மிதிக்கும் அடியிலிருந்து 'கடக்' என்றது. மிதிகட்டையைக் கையால் அசைத்தால் விழப்போகும் பல்லைப்போல ஆடியது. அண்ணன் உச்சிப்புளி நிலையத்துக்கு எதிரிலிருந்த சைக்கிள் கடைக்கு உருட்டிக்கொண்டு போனார். அச்சு தேய்ந்துவிட்டது, குண்டுகள் நொறுங்கிவிட்டன, இரண்டு கப்புகளையும் மாற்ற வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். உதிரிகள் மறுநாள் வந்துவிடும். ஆனால் மறுநாள் மாலை அவர் தங்கச்சிமடத்துக் கோயில் கொடியேற்றத்துக்கு, கடல் தாண்டித் தீவிலிருக்கும் தம் ஊருக்குப் போகிறார். சனிக்கிழமை காலை திரும்பியதும் முதல் வேலையாக அதையே செய்து தருவதாகச் சொல்லியனுப்பினார். சனிக்கும் திங்களுக்கும் இடையே ஒரு நாள் முழுதாக இருந்தது. அண்ணனுக்கு அது போதுமானதாகத் தோன்றியது.

எனக்குத் தோன்றவில்லை. பள்ளி கோடை விடுமுறையில் இருந்தது. நான் வெறுமனே இருந்தேன். உதிரிகளை வாங்கி வந்து நானே மாட்டிவிடுகிறேன் என்றேன். மதினி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அண்ணன் மறைக்காமலே சிரித்தார்.

"மரை கழண்டவன் கையில மரையக் குடுத்தாப்புல ஆகிரும்லே. நீ பொஸ்தகத்தப் பாரு."

நான் விடவில்லை. அவர் கைகள் எனக்காகச் செய்தவை எத்தனையோ. என் கைகள் அவருக்காக ஒன்றும் செய்ததில்லை. எழுதியும் ஏட்டைப் புரட்டியும் மென்மையாகிப்போன கைகள். ஒரு முறையாவது அவை அவருக்குப் பயன்பட வேண்டும் என்ற எண்ணம் மனத்தில் ஏறிக்கொண்டது. அந்த எண்ணத்தில் அன்பு இருந்தது என்று இன்றும் நம்புகிறேன். அன்பு மட்டுமே இருந்தது என்று சொல்ல மாட்டேன்.

வியாழன் பிற்பகல் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என் வயதுதான். தங்கச்சிமடத்து மீனவக் குடும்பம். சிறு வயதிலிருந்தே சங்கு குளித்தவர். ஒரு பருவத்தில் ஆழத்தில் இருக்கையில் வலக்காது வெடித்துக் குருதி வந்தது. இனி மூழ்கக் கூடாது என்று மருத்துவர் தடுத்துவிட்டதால் கரையேறி இந்தக் கடையை வைத்தார். பஞ்சர் ஒட்டும் இரப்பர்த் துண்டுகள் காற்றில் பறக்காதிருக்க அவற்றின்மேல் ஒரு சிறிய சங்கை வைத்திருப்பார். பேசுகிறவர் பக்கம் இடக்காதைச் சாய்த்துக் கேட்பார். அக்காலத்தில் என் மனத்துக்குள் அவர் 'அவன்'தான். வாயால் மட்டும் 'அவர்' என்பேன்.

சனிக்கிழமைவரை பொறுக்கலாமே என்று அவர் இரண்டு முறை சொன்னார். மூன்றாம் முறை சொல்லாமல் அச்சையும் கப்புகளையும் குண்டுகளையும் செய்தித்தாளில் பொதிந்து, கப்பைத் திருப்பும் தம் பெரிய திருகியையும் எடுத்துக் கொடுத்தார். எதற்குப் பின் எதைக் கழற்ற வேண்டும் என்று கையாலேயே காட்டினார். பிறகு திருகியின் மேல் கைவைத்து என்னை நிறுத்தினார்.

"சார், ஒண்ணு மட்டும் மறந்துராதீங்க. இடக்கைப் பக்கத்துக் கப்பு இடம்புரி. சங்கிலிப் பக்கத்துக் கப்பு வலம்புரி."

எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது! கரிபடிந்த ஒரு கடையில் இவ்வளவு தூய சொற்கள். 'புரி' என்றால் முறுக்கு, சுற்று. வலமாகச் சுற்றியது வலம்புரி, இடமாகச் சுற்றியது இடம்புரி என்று, அவர் சொன்ன சொல்லுக்கு நான் அவருக்கே பொருள் விரித்தேன். அவர் இடக்காதைச் சாய்த்து முழுவதும் கேட்டார். "ஆமா சார், அதேதான்" என்றார். மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தீவுக்குப் போகும் இரயில் தூரத்தில் ஊதியது. அவர் கடையை அடைக்க எழுந்தார். எந்தக் கப்பை எந்தப் பக்கம் திருப்புவது என்று நான் கேட்டிருக்கலாம். சொல்லுக்குப் பொருள் உரைத்தவன், அதே சொல்லுக்குப் பொருள் கேட்பதா?

வெள்ளிக்கிழமை அண்ணன் கண்மாய் மண் வெட்டும் வேலைக்குப் போனார். வீட்டுக்குப் பின்னால் உடைமர நிழலில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தினேன். மிதிகட்டைக் கைகளை அச்சோடு பிணைத்திருந்த ஆப்பாணிகளைச் சுத்தியலால் தட்டி எடுத்தேன். கைகள் கழன்றன. அடுத்து இடப்பக்கத்துக் கப்பு.

எல்லாரும் அறிந்த வழக்கம் ஒன்று உண்டு. வலப்பக்கம் திருப்பினால் இறுகும், இடப்பக்கம் திருப்பினால் கழலும். கடைக்காரர் இடப்பக்கத்துக் கப்பை இடம்புரி என்றாரல்லவா? இடமாகச் சுற்றியது என்றால் அது வழக்கத்துக்கு மாறானது. வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும் என்று முடிவு செய்து அப்படியே திருப்பினேன். அசையவில்லை. மறுபக்கம் சிறிது அழுத்தியதும் எளிதாகக் கழன்று வந்தது. ஆக, அது வழக்கமான மரைதான்.

அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். இடம்புரி என்று அவர் சொன்னது வழக்கமான மரையையானால், வலம்புரி என்று சொன்னது வழக்கத்துக்கு மாறானது என்பதைச் சிறு பிள்ளையும் உய்த்துணரும். நான் உணர்ந்தது வேறு. இவனுக்கு இடம் எது, வலம் எது என்றே தெரியவில்லை. சங்கு விற்கும் இடத்தில் கேட்ட சொற்களைப் பொருள் அறியாமல் உளறியிருக்கிறான் என்று சிரித்துக்கொண்டேன். வலம்புரி என்பதற்கு என் அகராதி சொன்ன பொருளும் உலக வழக்கமும் ஒன்றாயிருந்தன. சங்கிலிப் பக்கத்துக் கப்பை இடப்பக்கம் திருப்பினேன்.

பல ஆண்டு உப்புக்காற்று அதைத் துருவால் பூட்டியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தேன். திருகியின் பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி நெம்பினேன். மதினி வந்து பார்த்து, இவ்வளவு முரண்டு பிடிக்கிறதே, அண்ணன் வரட்டுமே என்றார். நான் குழாயின் மேல் ஏறியே நின்றேன்.

ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தது. கப்பு சுழன்றது; சுழன்றுகொண்டே இருந்தது. வெற்றி என்று எண்ணிக் கையால் இழுத்தேன். வந்துவிட்டது. அதனோடு, தேங்காய்த் துருவல்போலப் பளபளக்கும் எஃகுச் சுருள்கள் உதிர்ந்தன. குழலுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். இடப்பக்கம் வரிவரியாக மரை விரலில் பட்டது. சங்கிலிப் பக்கம் மழுமழுவென்று இருந்தது. புதிய கப்பை வைத்தேன். மெலிந்த விரலில் மோதிரம்போல் உள்ளே போய், அப்படியே வெளியே விழுந்தது.

மாலையில் அண்ணன் மண்வெட்டியைத் தோளில் வைத்தபடியே வந்து நின்றார். கப்பை எடுத்து வைத்துப் பார்த்தார். அது விழுந்தது. மறுபடியும் வைத்துப் பார்த்தார்.

"என்னலே ஆச்சு?"

நான் சொன்னேன்: "கடைக்காரரு இந்தக் கப்பு வலம்புரின்னு சொன்னாரு. வலம்புரின்னா எப்படித் திருப்பணுமோ அப்படித்தான் திருப்பினேன்."

இந்த இரண்டு தொடர்களை அதற்குப் பிறகு எத்தனையோ முறை மனத்தில் பகுத்துப் பார்த்திருக்கிறேன். எழுவாய், பயனிலை, பொருள் எதிலும் பிழையில்லை. சொன்ன ஒவ்வொரு சொல்லும் மெய். சொன்னது பொய். ஆனாலும் அந்த மாலையில் அது பொய் என்பது எனக்கே முழுதாகத் தெரியாது. அந்த ஒரு மாலைக்கு மட்டும் எனக்கு அந்தச் சலுகை உண்டு.

அண்ணன் வண்டியின் அருகே குந்தினார். குழலுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"சங்கு எடுக்குறவன்கிட்டப் போயி சைக்கிளுக்கு யோசன கேட்டா, அவன் சங்குதானலே ஊதுவான். எனக்கு நல்லாவே ஊதிட்டான்."

இனி அந்தக் கடை வாசலை மிதிப்பதில்லை என்றார். அண்ணன் அவ்வாறு சொல்லிவிட்டால் அது சொன்னதுதான்.

சனிக்கிழமை காலை வண்டியை இரயிலில் ஏற்றிக்கொண்டு இருவரும் இராமநாதபுரம் போனோம். கடைத்தெருவில் பெரிய சைக்கிள் கடை ஒன்றில் காட்டினோம். அங்கிருந்தவர் குழலை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். குழலையே மாற்ற வேண்டும், மதுரைக்கு அனுப்ப வேண்டும், இரண்டு வாரமாகும் என்றார். பிறகு, யார் கழற்றியது என்று கேட்டார். எங்கள் பக்கத்துக் கடைக்காரன் சொன்னபடி கழற்றினோம் என்றார் அண்ணன்.

அவர் தலையை ஆட்டினார். "சங்கிலிப் பக்கத்து மரை எதிர்மரை. சீமை வண்டி எல்லாத்துக்கும் அப்படித்தான். வலது பக்கம் திருப்புனாத்தான் கழலும். அது தெரியாதவன் எவனோ கை வச்சிருக்கான்."

எதிர்மரை. அந்தச் சொல் காதில் விழுந்த கணத்தில், கடைக்காரர் என்ன சொன்னார் என்பது எனக்கு விளங்கிவிட்டது. கடலில் எடுக்கும் சங்கெல்லாம் இடம்புரி, அது வழக்கமானது. எப்போதோ ஒன்று மாறிச் சுற்றியிருக்கும், அது வலம்புரி. அவர் மரைகளுக்கு அந்தப் பெயர்களையே வைத்திருந்தார். பிழை அவர் சொல்லில் இல்லை. நான் கேட்ட முறையில் இருந்தது. அண்ணன் அந்த ஆளிடம், "வலம்புரின்னானாம்யா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆள் சிரித்தார். நான் கடைக்கு முன்னால் தொங்கிய டயர்களைப் பார்த்தபடி நின்றேன்.

பிற்பகல் இரயிலில் உச்சிப்புளிக்குத் திரும்பினோம். அண்ணன் சட்டத்தைத் தோளில் சுமந்து முன்னே நடந்தார். கழற்றிய கைகளும் அச்சும் இருந்த பையோடு நான் பின்னே. எதிரே கடை திறந்திருந்தது. கடைக்காரர் தீவிலிருந்து வந்துவிட்டார். கழுத்தில் கோயிலில் மந்திரித்த புதுக்கயிறு. எங்களைக் கண்டதும் வாசலுக்கு வந்தார்.

"அண்ணே, என்னண்ணே ஆச்சு? இங்கன கொண்டாங்க, பாப்போம்."

அண்ணன் நின்றார். அவரைப் பார்த்தார். பிறகு அவர் வாசலில் காறித் துப்பிவிட்டு நடந்தார்.

கடைக்காரர் துப்பலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் ஒரு சொல் சொன்னால் போதும். அண்ணே, பிழை என்னுடையது, அவரிடம் கொடுங்கள் என்று சொன்னால் போதும். திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு பகலும் இரண்டு இரவும் இருந்தன. புலவர் பட்டம் பெற்றவன், நடுத்தெருவில், ஒரு சைக்கிள் கடைக்காரன் முன்னால், தான் தமிழ்ச் சொல்லொன்றைப் பிழையாகப் பொருள் கொண்டதாகச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பையிலிருந்த இரும்புகள் ஒன்றோடொன்று உரச, அண்ணனின் பின்னால் நடந்தேன்.

திங்கட்கிழமை அண்ணன் இராமநாதபுரத்தில் வாடகைக்கு ஒரு மிதிவண்டி எடுத்துக்கொண்டு அதிகாரியின் முன் போனார். நடந்ததை அன்று மாலை அவரே சொன்னார். ஓட்டிக் காட்டினாராம், அதிகாரி நிறைவோடு தலையசைத்தாராம். பிறகு வில்லையைக் காட்டச் சொன்னாராம். வண்டி யாருடையது என்று கேட்டதற்கு அண்ணன் உள்ளதைச் சொல்லிவிட்டார். விதியில் சொந்த வண்டி என்று இருக்கிறதே என்று அதிகாரி வருத்தத்தோடுதான் சொன்னாராம். வேலை வேறொருவருக்குப் போயிற்று.

"பொய் சொல்லியிருக்கலாமுல்ல?" என்றார் மதினி.

"நம்ம வீட்டுல யாரு பொய் சொன்னா, நான் சொல்ல?" என்றார் அண்ணன்.

ஆனி பிறந்ததும் அவர் மண்டபம் நிலையத்தில் மீன்கூடைகளை இரயிலில் ஏற்றும் வேலைக்குப் போனார். உழவுக்குடியில் பிறந்தவர், உடம்பில் மீன் நீர் ஒழுகத் திரும்புவார். மதினி வாசலிலேயே தண்ணீர் வைத்திருப்பார். ஊரில் சிலர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கேலி பேசினார்கள். அண்ணன் கேலியை எல்லாம் சைக்கிள் கடைக்காரர் பக்கம் திருப்பிவிட்டார். மரைக்கும் சங்குக்கும் வேறுபாடு தெரியாதவன் என்று அவர் சொன்னது ஊருக்குள் பழமொழிபோல் ஆனது. எங்கள் ஊர் வண்டிகள் அந்தக் கடைக்குப் போவது நின்றது. பக்கத்து ஊர்க்காரர்களும் காற்றடிக்க மட்டுமே நின்றார்கள்.

பள்ளி திறந்தது. கடைக்கு எதிரேதான் நிலையம். நான் தண்டவாளத்தின் மறுபுறமாகச் சுற்றி, முள் மிதித்துப் போகப் பழகிக்கொண்டேன். வகுப்பில் சொற்பொருள் நடத்துகையில் என் குரலே எனக்குப் பொருந்தாமல் ஒலித்தது. ஆடியில் ஒரு நாள், காற்று மணலை அள்ளி வீசியதால் அந்தச் சுற்றுவழி அடைபட்டுப்போயிருந்தது. கடையின் முன்னால் போனேன். அவர் கூப்பிட்டார். கோபம் இல்லாத குரல். அதனாலேயே போகாமலிருக்க முடியவில்லை.

உட்காரச் சொன்னார். இரப்பர்த் துண்டுகளின் மேலிருந்த சங்கை எடுத்து என் கையில் வைத்தார். பக்கத்தில் ஒரு சாதாரண மரையாணியையும் வைத்தார்.

"ரெண்டோட சுத்தையும் பாருங்க சார். ஒரே பக்கந்தான் சுத்தியிருக்கு. இதத்தான் எங்காளுக இடம்புரிம்பாக. வலம்புரி எதிரா சுத்தியிருக்கும். பன்னெண்டு வருசம் முங்கினேன், ஒண்ணு கூட என் கையில ஆப்புடல. மிதிக்க மிதிக்கக் கழண்டுறக் கூடாதுன்னு அந்தக் கப்புக்கும் எதிர்ச்சுத்து வச்சிருக்கான். அதான் அப்படிச் சொன்னேன். நான் சொன்னது தப்பா சார்?"

அவர் உண்மையாகவே கேட்டார். தமக்கு ஏதோ பிழை நேர்ந்துவிட்டதோ என்ற ஐயம் அந்த இரண்டு மாதங்களில் அவருக்கும் வந்திருந்தது. நான் சங்கையும் ஆணியையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முறுக்கில் எள்ளளவும் மாறுபாடில்லை. என்னைப் போன்றோர் நூலில் படித்த சொல்லை அவர் சங்கைத் தடவிய விரலால் அறிந்திருந்தார்.

தப்பில்லை என்றேன். எனக்கு எல்லாம் தெரியும் என்றேன். எப்போதிலிருந்து தெரியும் என்பதையும் சொன்னேன்.

அவர் என் கையிலிருந்த ஆணியை வாங்கிப் பெட்டியில் போட்டார். "அன்னைக்கு மட்டும் என் கையில குடுத்திருந்தா, தகரத்தச் சுத்திக் கப்ப அடிச்சு ஏத்தியிருப்பேன். திங்கக்கெழம ஓட்டிக் காட்டுறதுக்கு அது போதும். அப்புறம் மெதுவாப் பாத்திருக்கலாம்."

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவர் சங்கை வாங்கி இருந்த இடத்தில் வைத்தார். "என்கிட்டச் சொல்லி என்ன சார் ஆகப்போகுது" என்றார்.

அன்று மாலை அண்ணன் மண்டபத்திலிருந்து வந்து, வாசலில் கைகால் கழுவிக்கொண்டிருந்தபோதே சொல்லத் தொடங்கினேன். வீட்டுக்குள் போய்விட்டால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். வியாழனிலிருந்து வரிசையாகச் சொன்னேன். எதையும் விடவில்லை, எதற்கும் காரணம் கூறவில்லை. அவர் குனிந்தபடியே கேட்டார். செம்பிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"ராமநாதபுரத்துக் கடையில அந்தாளு சொன்னப்பவே ஒனக்குத் தெரியும்?"

"தெரியும்."

"சாயந்தரம் நம்ம கடைக்காரன் வாசல்ல நின்னு கூப்பிட்டான். அப்பவும் தெரியும்?"

"தெரியும்."

அவர் கழுவிய கைகளை மறுபடியும் கழுவினார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நல்லது என்றும் எதிர்பார்த்தேன். அவர் நிமிர்ந்து, உள்ளே பார்த்து மதினியிடம் சொன்னார்:

"தமிழய்யா பசியோட இருக்காக. சோத்தப் போடு."

மதினி வேடிக்கை என்று எண்ணிச் சிரித்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. வண்டியின் சட்டத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஊர் பார்க்கத் தெரு நடுவே நடந்து, அந்தக் கடைக்குப் போனார். கடைக்காரரிடம் என்ன பேசினார் என்பதை இருவரும் எனக்குச் சொன்னதில்லை. கேட்பவர்களிடமெல்லாம், தப்பு எங்கள் வீட்டில் நடந்தது, அந்த ஆள் சொன்னது சரி என்று சொல்லிவிட்டார். யார் செய்த தப்பு என்று மட்டும் சொல்லவில்லை. கடைக்காரர் புதிய கப்பைப் பித்தளை உருக்கி ஊற்றிக் குழலோடு பற்றவைத்தார். இனி அது எந்தப் பக்கமும் கழலாது என்று சொன்னாராம். ஊர் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கடைக்குத் திரும்பின. அண்ணன் அந்த வண்டியிலேயே மண்டபத்துக்குப் போய்வரத் தொடங்கினார். தபால் வேலை மட்டும் திரும்பி வரவில்லை. அது வேறொருவரின் வேலையாக நிலைத்துவிட்டது. வேறொருவர் மணியடித்துக்கொண்டு எங்கள் தெருவழியே போனபோதெல்லாம் மதினி உள்ளே போய்விடுவார்.

என்னோடு அண்ணன் பேசாமலில்லை. பேசினார், முன்னைவிட மென்மையாகவே பேசினார். வாங்க என்றார், இருங்க என்றார், சாப்பிட்டீகளா என்று கேட்டார். மாணவர்கள் ஒருவரையொருவர் 'ஏலே' என்று விளித்தால் கண்டித்தவன் நான். அது செம்மொழிக்கு ஆகாத சொல் என்று சொல்லியிருக்கிறேன். இப்போது தெருவில் யாரோ யாரையோ அப்படி அழைக்கும்போது திரும்பிப் பார்க்கிறேன். என்னை இல்லை.

சில ஆண்டுகள் கழித்து, ஐப்பசியில் ஒரு மாலை. நான் நிலையத்தில் இறங்கியபோது வானம் கறுத்திருந்தது. அண்ணன் மண்டபத்திலிருந்து மிதித்து வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டு வண்டியை நிறுத்தினார்.

"மழ வரப்போகுது. ஏறிக்கிருங்க, தமிழய்யா."

பின்னால் ஏறி உட்கார்ந்தேன். அவர் மிதித்தார். என் கால்களுக்கு அருகே, சங்கிலிக்கு உள்ளே, அந்தக் கப்பு எந்த ஒலியும் எழுப்பாமல் இருந்தது. முதல் துளிகள் விழுந்தன. அவர் முதுகிலிருந்து மீன் வாடையும் வியர்வை வாடையும் வந்தன. பாதை முழுக்கக் குழிகள். அவருக்கு மூச்சு வாங்கியது.

"மெதுவாப் போங்க, அண்ணே" என்றேன்.

"சரிங்க" என்றார்.